மேஸ்திரியின் ஒற்றைத் தும்மல்

கல் உடைக்கிற முனியசாமிக்கு இரண்டு விரல் போனபோது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஒரு காகிதம்கூட அசையவில்லை. பெரிய அதிகாரி ஒருவருடைய மோட்டார் காரின் முன்விளக்கு போனபோதுதான் அசைந்தது. எங்கள் குவாரியில் வைத்த வேட்டில் தேங்காய்ப் பருமன் கல் ஒன்று பறந்துபோய், கீரனூர் சாலையில் வந்துகொண்டிருந்த அந்தக் காரின் கண்ணைக் குத்திவிட்டது. அதிகாரிக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் மறு வாரமே உத்தரவு வந்தது. கல் உடைக்கிற இடத்தில் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள இனி தனியாக ஒரு மேஸ்திரி இருக்க வேண்டுமாம். விரலுக்கு வராத கோபம் விளக்குக்கு வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்குவதில்லை.

நான் சந்தனமேரி. திருக்கோகர்ணத்தைத் தாண்டி வடக்கே போகிற சாலையில் அந்தக் குவாரி இருந்தது. அதன் வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டுக் கஞ்சி, மோர், சுண்டல், வெற்றிலை, பீடி, மூக்குப்பொடி எல்லாம் விற்றவள் நான். என் வீட்டுக்காரர் அதே குவாரியில் உலை வைத்து, மழுங்கின உளிகளைக் காய்ச்சித் தட்டிக் கொடுப்பவர். அவர் பேச மாட்டார். வீட்டில் பேச வேண்டியதெல்லாம் என் பங்குக்கு வந்துவிட்டது, நான் என்ன செய்ய?

குவாரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் மீரா சாகிபு ராவுத்தர். நல்ல மனுஷர். கோபம் வந்தால் குடையை ஓங்கிக்கொண்டு வருவார். அந்தக் குடை எத்தனையோ பாறைகளை அடித்திருக்கிறது, ஒரு ஆளையும் அடித்ததில்லை. உத்தரவு வந்த அன்று என் கடையில் உட்கார்ந்து ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டு, "ஆபத்தைப் பாத்துக்கிறதுக்கு ஒரு ஆளாம் மேரி. அந்த ஆளை யாரு பாத்துக்கிறது?" என்று கேட்டார். நான் இன்னொரு செம்பு மோர் ஊற்றினேன். அதற்குள் ஆள் வந்து சேர்ந்துவிட்டார்.

ஆத்மநாதன் மேஸ்திரிக்குச் சொந்த ஊர் ஆவுடையார்கோயில் பக்கம். மைசூர்ச் சீமையில் ஒரு தங்கச் சுரங்கத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஒல்லி உடம்பு, தலையில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி, கழுத்தில் ஊதல், கையில் சிவப்புக் கொடி. எல்லாம் இருந்தது, குரல் மட்டும் இல்லை. சுரங்கத்துத் தூசி தொண்டையில் குடியேறிவிட்டதாம். அவர் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கிறவருக்கே பாதிதான் கேட்கும். சத்தம் போட்டு ஆட்களை விரட்ட வேண்டிய உத்தியோகத்துக்கு இவரையா தேடிப் பிடித்தார்கள் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

முதல் நாள் காலையில் எல்லாரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தி, அந்தக் குரலில் அவர் சொன்னார். பாறைமேல் ஏறுகிறவன் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். வெடிமருந்துச் சாக்கு இருக்கிற பக்கம் பீடி கூடாது. ஊதல் ஊதினால் எல்லாரும் கல்சுவருக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மாறியது.

"திரி வச்சும் வெடிக்காம ஒரு வேட்டு ஊமையாப் போச்சுன்னா, ஒலை வச்சு சோறு வடிச்சு எறக்குற நேரம் வரைக்கும் யாரும் கிட்டப் போகக் கூடாது. அது செத்துப் போகலை, தூங்குது. தூங்குறதைப் போயி எழுப்பாதீங்க."

"தூங்குறதை எழுப்பித்தான் எனக்குப் பழக்கம் மேஸ்திரி," என்றான் ராக்கன். "எம் மாமனாரு வீட்டுல வந்து பாருங்க, பகல்ல ஒருத்தரும் முழிச்சிருக்க மாட்டாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராக்கன்தான் குழியில் மருந்து கெட்டித்துத் திரி வைக்கிறவன். தன் கையால் வைத்த வேட்டு ஒன்றுகூட ஊமையானதில்லை என்று அவனுக்கு ஒரு கர்வம். அவன் பெண்சாதி அழகி என் கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைப்பவள், அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். தன் வீட்டுத் தூக்கத்தை ஊருக்கு முன்னால் இழுத்ததற்கு ராத்திரி அவனுக்கு என்ன கிடைத்ததோ, மறுநாள் அவன் என் கடையில்தான் கஞ்சி குடித்தான்.

மேஸ்திரியின் சாமான்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஊதலை ஊதினால், "திருச்சிராப்பள்ளி போறவுங்கள்லாம் ஏறிக்கங்க, வண்டி கிளம்புது!" என்று முனியசாமி கத்துவான், ஒருத்தரும் நகர மாட்டார்கள். விரல் போனவனே இப்படிக் கத்தினால் விரல் இருக்கிறவன் எதற்குக் கேட்பான்? சிவப்புக் கொடியை யாரோ எடுத்துப்போய் மேட்டில் இருந்த முனி கல்லுக்குச் சாத்திவிட்டார்கள். சாமிக்குப் போன துணியைத் திருப்பி எடுக்க மேஸ்திரிக்கே துணிச்சல் வரவில்லை. இடுப்புக் கயிறுகள் சாயங்காலம் விறகுக் கட்டோடு பெண்கள் தலையில் வீடு போய்ச் சேர்ந்தன.

இதில் எனக்குப் பொறுக்காதது என்னவென்றால், இந்த ஆட்கள் பயமே இல்லாதவர்கள் இல்லை. ராக்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து பீடி குடிப்பான். ஆனால் பூனை குறுக்கே போனால் அன்றைக்கு வேலைக்கு வர மாட்டான். ஒருநாள் அவன் கடப்பாரையோடு போகும்போது வாய் தவறி, "எங்கப்பா போற?" என்று நான் கேட்டுவிட்டேன். காரியமாகப் போகிறவனை எங்கே என்று கேட்கலாமா? அப்படியே திரும்பி வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தான். உச்சிவேளை வரை எழுந்திருக்கவில்லை, ஒரு பானை மோரையும் தீர்த்துவிட்டான். அழகி அந்த விஷயத்தில் கெட்டிக்காரி. தினமும் அவன் கிளம்பும்போது, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வாள். பாறையைப் பார்க்கவே மாட்டாள்.

தும்மல் விவகாரம் ஆரம்பித்தது தற்செயலாகத்தான். மேஸ்திரிக்கு எங்கள் ஊர்த் தூசி ஒத்துக்கொள்ளாமல் சளி பிடித்திருந்தது. ராக்கன் கயிறு இல்லாமல் பாறையில் கால் வைத்தான். மேஸ்திரி அவனைத் தடுக்க வாயைத் திறந்தார், குரலுக்குப் பதில் ஒரு தும்மல் வந்தது. ஒரே ஒரு தும்மல்.

ராக்கன் கால் அந்தரத்தில் நின்றது. முகம் செத்துவிட்டது. மெதுவாக இறங்கி வந்து, என் கொட்டகையில் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்தான்.

"ஒத்தைத் தும்மல். என்ன கொறையோ தெரியலையே," என்றான்.

மேஸ்திரி அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து, "இடுப்புல கயிறு இல்லையேப்பா, அதுவா இருக்குமோ?" என்று ரகசியம் மாதிரி சொன்னார். ராக்கன் கையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைக்கு அரைஞாண் கட்டுகிற மாதிரி நின்று கட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி என் கடைக்கு வந்தார். ஊதலைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டே, "மூக்குப்பொடி இருக்கா மேரி? நல்ல காரமா?" என்று கேட்டார். எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வாழைமட்டையில் மடித்துக் கொடுத்தேன்.

அவர் நினைத்த அளவுக்கு அது சுலபமாக இல்லை. முதல் நாள் பொடியை அதிகமாகப் போட்டுவிட்டார், இரண்டு தும்மல் வந்துவிட்டது. ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மலோ சுபம். பாறை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த முனியசாமி, "ஆகா, ரெட்டை! தாராளமாப் போலாம்," என்று இன்னும் மேலே ஏறிவிட்டான். மேஸ்திரி பதறிப்போய் மூன்றாவதாக ஒன்றைத் தும்மி அதை ரத்து செய்தார். அதன் பிறகு என் கொட்டகைக்குப் பின்னால் நின்று பழகினார். எவ்வளவு பொடிக்கு ஒரு தும்மல், எப்போது மூக்கைப் பிடித்தால் இரண்டாவது நிற்கும் என்று கண்ணில் நீர் வழிய வழியப் படித்துக்கொண்டார். சங்கீதத்துக்குக்கூட இவ்வளவு சாதகம் செய்வார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு குவாரி ஒழுங்காகிவிட்டது. மருந்துச் சாக்கின் பக்கம் பீடி எடுத்தால் ஒரு தும்மல். திரியைக் கட்டையாக நறுக்கினால் ஒரு தும்மல். தும்மினதும் ஆள் உட்காருவான், தண்ணீர் குடிப்பான், "என்ன கொறை மேஸ்திரி?" என்று அவனே கேட்பான். அவர் காதோடு சொல்வார், அவன் சரி செய்வான். காயம் பட்டு என்னிடம் மஞ்சள்தூள் கேட்டு வருகிறவர்களே இல்லாமல் போனார்கள். மேஸ்திரி மூக்கில் அந்த மேட்டு முனியே வந்து குந்தியிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். பெண்கள் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே காட்டிவிட்டுப் போனார்கள். நான் வேதக்காரி. சகுனம் பார்ப்பது பாவம் என்று மாதா கோயிலில் சாமியார் சொல்லியிருக்கிறார். ஆனாலும் மேஸ்திரி தும்மினால் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு தோத்திரம் சொல்லிய பிறகுதான் கஞ்சியைத் தொடுவேன்.

இதில் நொந்துபோனவர் ராவுத்தர்தான். "என்னப்பா அநியாயமா இருக்கு! எங்கள்ல தும்மல் வந்தா அல்ஹம்துலில்லாஹ்னு ஆண்டவனைப் புகழ்றோம். ஒங்கள்ல தும்மல் வந்தா உக்காந்துக்கிறீங்க. கூலி குடுக்கிறவன் நான்தானே? என் வழிப்படி தும்முங்களேன்!" என்று குடையால் பாறையை அடிப்பார்.

ஆட்களும் லேசுப்பட்டவர்களா? உச்சிவெயிலில் சோறு தின்று முடித்ததும் ஒருத்தன் தும்முவான், எல்லாரும் உட்காருவார்கள். வெயில் தாழ்ந்தபின் எழுந்தால் இன்னொருத்தன் தும்முவான். அந்த வாரம் எனக்குப் பொடி வியாபாரம் பிரமாதமாக நடந்தது. ராவுத்தருக்குத் தாங்கவில்லை, மரத்தடியில் பஞ்சாயத்து வைத்தார். முனியசாமிதான் முடிவு சொன்னான்.

"இனிமே மேஸ்திரி தும்முனாத்தான் சகுனம். மத்தவன் தும்முனா சளி."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதில் என்ன வினை இருக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் அப்போது தோன்றவில்லை.

மேஸ்திரியின் மூக்கு மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் ஒரு சிட்டிகை போதுமாக இருந்தது, பிறகு இரண்டு, பிறகு மட்டையை அப்படியே கவிழ்த்தார். மூக்கு தன் பாட்டுக்குப் பொடியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. காரப்பொடி வாங்கிவரச் சொன்னார், புதுக்கோட்டை கடைத்தெரு முழுவதும் அலைந்து வாங்கிக் கொடுத்தேன். மிளகைத் தட்டிப் போட்டுப் பார்த்தார். கோழி இறகு விட்டுப் பார்த்தார். என் அடுப்பில் மிளகாயைப் போட்டுப் புகை காட்டச் சொன்னார். நான் தும்மினேன், என் வீட்டுக்காரர் தும்மினார், உலைக்குக் காற்றுப் போடும் துருத்தியே தும்மியிருக்கும், மேஸ்திரி மட்டும் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"மேரி, இவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடலாமா?" என்றார்.

"சொன்னா அப்புறம் கயிறையும் கழட்டிப் போட்டுருவானுங்க," என்றேன். "மூக்குக்கு நாலு நாள் ஓய்வு குடுங்க, வந்துரும்."

ஓய்வு கொடுக்க நேரம் இல்லை. தசராவுக்கு முன் ஒரு சாலையைப் போட்டு முடிக்க வேண்டும் என்று ராவுத்தரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின ராத்திரி மழை பெய்து குழியெல்லாம் ஈரம். ராக்கன் அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வரிசையாக மருந்து கெட்டித்துத் திரி கொளுத்திவிட்டு ஓடி வந்தான். நாங்கள் எல்லாரும் கல்சுவருக்கு இந்தப் பக்கம் நின்றோம். அழகி என் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசின. கடைசி ஒன்று பேசவில்லை.

ராக்கன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அவன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"என்ன மாப்ளே, ஒண்ணு கோவிச்சுக்கிச்சா?" என்றான் முனியசாமி.

அது போதும். ராக்கன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவரைத் தாண்டினான். மேஸ்திரி ஓடிப்போய் அவன் முன்னால் நின்று, கையை விரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, சொன்னது என்ன என்று தெரியும். ராக்கன் நின்றான். ஆனால் அவர் வாயைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்த்தான். குவாரி முழுவதும் அவர் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரி மட்டையைப் பிரித்துப் பொடியை உறிஞ்சினார். ஒன்றும் வரவில்லை. மிச்சத்தையும் உறிஞ்சினார். அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். வாய் கோணியது, கண் மூடியது, "ஆ… ஆ…" என்று மார்பு விரிந்தது. கூட்டம் மொத்தமும் பாதி உட்கார்ந்துவிட்டது. வந்த தும்மல் வாசலோடு திரும்பிப் போய்விட்டது. எல்லாரும் மறுபடி எழுந்தார்கள்.

வேறு வழி தெரியாமல் மேஸ்திரி, "அச்சு!" என்று வாயால் ஒன்று போட்டார்.

"இது வாய்த் தும்மல் மேஸ்திரி. மூக்கு அசையவே இல்லையே," என்று ராக்கன் சிரித்தான். "ஒங்க மூக்கே சும்மா இருக்கு. அப்ப அங்கிட்டு ஒரு ஆபத்தும் இல்ல. வெலகுங்க."

வினை எங்கே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தும்மினால் நிற்க வேண்டும் என்று அவர் பழக்கினார். தும்மாவிட்டால் போகலாம் என்று அவர்களாகவே பழகியிருந்தார்கள். மேஸ்திரிக்கும் அது அந்த நிமிஷத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். ராக்கனின் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவன் உதறினான், அவர் சுவரோர ஜல்லிக் குவியலுக்கு இந்தப் பக்கம் விழுந்தார். ராவுத்தர் குடையை வீசிக்கொண்டு, "ரோடு கெடந்துட்டுப் போகுது, எறங்கி வாடா!" என்று கத்தினார். ராக்கன் நடந்துகொண்டே இருந்தான். நான் கடையில் இருந்த பொடியை ஒரு கை அள்ளி என் மூக்கிலேயே போட்டுக்கொண்டு, பாறை எதிரொலிக்கத் தும்மினேன்.

"மேரியக்காவுக்குச் சளி," என்றான் முனியசாமி.

அழகி எழுந்து நின்றாள். ஒரு கையால் சுவரையும் இன்னொரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"எங்க போறீங்க?"

எந்தப் பெண்சாதியும் புருஷனைப் பார்த்து அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை. சண்டையில்கூட அந்த வார்த்தையைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் திட்டுவார்கள்.

ராக்கன் திரும்பினான். "என்னடி கேட்ட?"

"எங்க போறீங்கன்னு கேட்டேன். எங்க போறீங்க? இந்தக் கம்பியைத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க? என்னைய இப்புடி நிக்க வச்சுப்புட்டு எங்க போறீங்க?"

அவள் அழவில்லை. கடன் கொடுத்தவள் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தாள். ராக்கன் கடப்பாரையை அங்கேயே வீசி எறிந்துவிட்டு, கண் சிவக்க இறங்கி வந்தான். "போற காரியத்துல எங்கன்னு கேக்குறியே, நீ பொண்டாட்டியா? கட்டுனவன் உசுரோட இருக்கிறது ஒனக்குப் புடிக்கலையா?" என்று கத்திக்கொண்டே சுவரைத் தாண்டி வந்து, அவளுக்கு முன்னால் கையை ஓங்கினான்.

தூங்கிக்கொண்டிருந்தது எழுந்தது.

அப்படி ஒரு சத்தத்தை அந்தக் குவாரியில் நான் கேட்டதில்லை. கல் மழையாகக் கொட்டியது. என் கொட்டகைக் கீற்றைப் பொத்துக்கொண்டு ஒன்று விழுந்து மோர்ப்பானை சிதறியது. நான் பெஞ்சுக்கு அடியில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது, ராக்கன் அழகியைச் சுவரோடு சேர்த்து மறைத்துக்கொண்டு நின்றான். அடிக்க ஓங்கின கை அவள் தலைக்கு மேலே விரிந்து நின்றது. அந்தக் கையில் நாலைந்து இடத்தில் ரத்தம்.

தூசி அடங்கியதும் எல்லாரும் பாறையைப் பார்த்தோம். அவன் போய்க்கொண்டிருந்த இடம் அங்கே இல்லை. அவன் எறிந்த கடப்பாரை வளைந்து, பாதி புதைந்து கிடந்தது. நான் வாய்விட்டு அழுதேன். மோர்ப்பானைக்காக அழுகிறேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டு, அந்த வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து, "வேற வாங்கிக்கலாம் மேரி," என்றார்.

அப்போதுதான் ஜல்லிக் குவியலின் மறைவில் கிடந்த மேஸ்திரி தலையைத் தூக்கி, அத்தனை நாள் சேர்த்துவைத்த பொடிக்கெல்லாம் சேர்த்து ஒரு தும்மல் போட்டார். ஒரே ஒரு தும்மல். கூட்டம் முழுவதும் தடாலென்று உட்கார்ந்தது. ராவுத்தருக்கும் தூசியில் தும்மல் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு, அவரும் குடையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு வேலை நடக்கவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி என் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"சுரங்கத்துல என் தம்பியும் இப்புடித்தான் ஒண்ணை எழுப்பப் போனான் மேரி," என்றார். "நாங்க அத்தனை பேரு நின்னோம். ஒருத்தரும் அவனை எங்க போறேன்னு கேக்கலை. கேக்கக் கூடாதுல்ல, அதான்."

நான் அடுப்பைக் கிளறிவிட்டேன். அவர் பொடி மட்டையை என் அடுப்பில் போட்டார். அன்றைக்குக் கடைசியாக நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து தும்மினோம்.

மறுநாள் மேஸ்திரி எல்லாரையும் கூட்டி, தும்மலைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டார். ஒருத்தரும் நம்பவில்லை. "மூக்கு பவுசு போச்சுன்னதும் மனுசன் என்னென்னமோ சொல்றாரு, பாவம்," என்றான் முனியசாமி. அடுத்ததாக அவர் சொன்னதுதான் எல்லாரையும் துள்ளிக் குதிக்க வைத்தது. பாறைக்கு ஏறுகிற பாதையின் அடியில் அழகி உட்கார்ந்து ஜல்லி உடைப்பாள். போகிற ஒவ்வொருத்தனையும் எங்கே போகிறாய் என்று கேட்பாள். எங்கே, எதற்கு, கயிறு இருக்கிறதா என்று பதில் சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும். சொல்ல முடியாதவன் வீட்டுக்குப் போகலாம்.

"இதென்ன, நாள்பூரா அபசகுனமா?" என்று கூச்சல் போட்டார்கள். ராவுத்தர் குடையை ஓங்கினார். கல் மழையில் பழையது ஓட்டையாகிவிட்டதால் புதுக் குடை. "அவ கேக்காம ஒருத்தன் ஏறுனான்னா அவனுக்கு இங்க வேலை இல்ல. தும்முறதுன்னா வீட்டுல போயித் தும்முங்க," என்றார். அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

முணுமுணுத்துக்கொண்டே பழகிக்கொண்டார்கள். சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொன்னார்கள். முனியசாமி முனி கல்லைக் கும்பிட்டுவிட்டு வந்து சொன்னான். அழகியும் தலையைத் தூக்காமல்தான் கேட்டாள், அவளுக்கும் அந்த வார்த்தை நாக்கில் கசந்தது. ராக்கன் மட்டும் வேலைக்கு வரவில்லை. கைக்காயம் ஆறவில்லை என்று ஊருக்குச் சொன்னான். அவளோடு பேசுவதே இல்லை என்று அழகி எனக்குச் சொன்னாள். "ஆயுசைக் கொறைச்சுப்புட்டேனாம்க்கா. சோத்தை வச்சா மட்டும் திங்கிறாக," என்றாள்.

பிறகு ஒருநாள் காலையில் அவன் வந்தான். கையில் கட்டு, தோளில் என் வீட்டுக்காரர் நிமிர்த்திக் கொடுத்த அதே கடப்பாரை, இடுப்பில் யாரும் சொல்லாமலே கட்டிக்கொண்ட கயிறு. என் கடையைத் தாண்டி நேரே போனான். அழகி அவன் காலைப் பார்த்ததும் சுத்தியலை நிறுத்தினாள். மற்ற எல்லாரையும் கேட்டவளுக்கு அவனைக் கேட்க வாய் வரவில்லை. பழைய வழக்கப்படி, "போயிட்டு வாங்க," என்று சொல்லிக் குனிந்துகொண்டாள்.

ராக்கன் நகரவில்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். மேஸ்திரி மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, மாட்டைப் பிடித்துக் கட்டின மாதிரி அங்கேயே நின்றான்.

"கேளு புள்ள," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க போறேன்னு கேளு. கேட்டாத்தான போவேன்."